பத்தொன்பது உறைகளுக்கு மூன்று பங்காளிகள்

ஹார்ட்வெல் கவுண்டி என்ற மாவட்டத்தின் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்தில் க்ளெண்டா ஸ்ட்ரௌட் இருபத்தோரு வருஷம் எழுத்தராக இருந்தாள். துப்பாக்கியும் கிடையாது, சீருடையும் கிடையாது. கைது அறிக்கைகளைத் தட்டச்சு செய்வாள், உரிமம் கேட்டு வருபவர்களின் கைரேகையை எடுப்பாள், காணாமல் போன நாய்க்கும் காணாமல் போன கணவனுக்கும் ஒரே பொறுமையோடு புகார் எழுதிக்கொள்வாள். அந்த மேஜையில் உட்கார்ந்தபடியே நான்கு ஷெரிஃப்களைப் பார்த்துவிட்டாள். தேர்தலில் ஜெயித்து வருவார்கள், தோற்றுப் போவார்கள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத்தான் தெரியும்.

நான்காவதாக வந்தவர் டுவேன் ரிட்னர். அவர் காலத்தில் அவள் மேஜைக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. நெடுஞ்சாலையில் பிடிபடும் பணமும் வண்டியும் குற்றத்தில் புழங்கியவை என்று மத்திய அரசு பறிமுதல் செய்தால், கிடைக்கும் தொகையை அந்த வழக்கில் ஒத்துழைத்த காவல் துறைகளுக்குள் பங்கு போடலாம். மத்திய அரசுக்கு நூற்றுக்கு இருபது. மீதி எண்பதை, யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கணக்குக் காட்டிக் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கோரிக்கைப் படிவத்தை நிரப்புகிறவள் க்ளெண்டா. முதல் தடவை, நிஜமான கடத்தல் கும்பல் ஒன்றின் பணம் அப்படி வந்தபோது, ஷெரிஃபின் கீழ் ரோந்து போகும் டெபுடிகளுக்குக் குண்டு துளைக்காத சட்டை வாங்கினார்கள். அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அவள் கணவன் ராய்ஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை.

"மாநிலச் சட்டப்படி பறிமுதல் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், தெரியுமில்ல?" என்றார் ஒரு நாள், பீன்ஸைக் கிளறிக்கொண்டே. "அதனாலதான் உங்க ஆளு கேஸை உள்ளூர்க் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாம மத்திய அரசு கையில குடுக்கறாரு. அங்க குடுத்தா எண்பது திரும்பி வரும். இங்க குடுத்தா அத்தனையும் என் பஸ்ஸுக்கு ஹீட்டரா மாறிப்போயிடும்."

"உன் பஸ் ஹீட்டருக்கும் எங்க ஷெரிஃபுக்கும் முடிச்சுப் போடாதே."

"நான் போடல. ஜனவரியில பசங்க போர்வையைச் சுத்திக்கிட்டு வருதுங்க. அதுங்ககிட்ட போய்ச் சொல்லு."

அவள் எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். சம்பளம் வாங்குகிற இடத்தைப் பற்றி வீட்டில் பேசுவது அவளுக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டெபுடி வேட் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் கவிழ்த்தார்.

"எண்ணு க்ளெண்டா. இன்னிக்கு நல்ல வேட்டை."

உள்ளே இருந்தவை உறைகள். பத்தொன்பது. ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் ஒரு பெயர், ஒரு தொகை. சிலதில் ஆயிரம், சிலதில் மூவாயிரம், ஒன்றில் வெறும் அறுபது டாலர். சர்ச்சில் காணிக்கை எண்ணிப் பழகிய கை அவளுடையது. இந்த மாதிரி உறை அவளுக்குப் புதிதில்லை.

"இது என்ன பாஷை?"

"சங்கேதம். எவனெவனுக்கு எவ்வளவுன்னு பட்டியல்."

"ஆளை எந்த அறையில வச்சிருக்கீங்க? கைரேகை எடுக்கணுமில்ல?"

"ஆளா? அவனைப் போகச் சொல்லிட்டோம்."

க்ளெண்டா எண்ணுவதை நிறுத்தினாள். "கடத்தல்காரன்னு சொல்றீங்க. அப்புறம் போகவும் சொல்லிட்டீங்களா?"

"அவன்மேல கேஸ் போட எதுவும் கிடைக்கல." வேட் காபியை ஊற்றிக்கொண்டார். "கேஸு அவன்மேல இல்லம்மா. பணத்து மேல."

கூட்டினால் இருபத்தேழாயிரத்து முந்நூற்றைம்பது டாலர் வந்தது. அறிக்கையை அவள்தான் தட்டச்சு செய்தாள். வண்டி ஓட்டியவர் செங் மூவா, வயது நாற்பத்தாறு, மாநில எல்லையோரத்தில் கோழிப் பண்ணை வைத்திருக்கும், ஆசிய மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய மோங் இனத்தவர். வண்டி சாலையின் நடுக்கோட்டைத் தாண்டியது. பக்கத்து ஊரான ப்ரூவரிலிருந்து வந்த போலீஸ் நாய் பையை மோப்பம் பிடித்தது. 'இறந்துபோன மாமாவின் சடங்குக்கு உறவினர்கள் சேர்ந்து கொடுத்த பணம் என்று கூறினார். பதற்றமாகக் காணப்பட்டார்.'

பதற்றமாகக் காணப்பட்டார் என்ற வரியை அவள் எத்தனை அறிக்கைகளில் அடித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று போலீஸ்காரர்களும் ஒரு நாயும் சுற்றி நின்றால் பாதிரியாரே பதறுவார்.

வெள்ளிக்கிழமை பங்கு பேசும் கூட்டம். ஷெரிஃப் ரிட்னர், ப்ரூவர் ஊரின் போலீஸ் தலைவர் லைல் கெக், வழக்கை மத்திய அரசின் பெயரில் எடுத்துக்கொள்ள வந்திருந்த ஓர் அதிகாரி. நடுவில் ஒரு பெட்டி டோனட். ஓரத்தில் கணினியோடு க்ளெண்டா.

"பாதி எங்களுக்கு," என்று கெக் ஆரம்பித்தார். "எங்க நாய் இல்லன்னா நீங்க அபராதச் சீட்டு எழுதிக் குடுத்துட்டு வந்திருப்பீங்க."

"யோவ் லைல், உங்க நாய் அங்க நின்னதே நாலு நிமிஷம்," என்றார் ரிட்னர். "அதுல ரெண்டு நிமிஷம் டயர்கிட்ட காலைத் தூக்கிட்டு நின்னுது."

"காலைத் தூக்கினதும் வேலை நேரந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். மத்திய அரசு அதிகாரி விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு, "மணிக்கணக்கு ஒழுங்கா இருந்தாப் போதும், நான் கிளம்பணும்" என்றார்.

"க்ளெண்டா, எங்களுக்கு முப்பத்தெட்டு மணி நேரம்னு போடு," என்றார் ரிட்னர்.

"வேட் எழுதின அறிக்கையில ரெண்டே கால் மணி நேரம்னு இருக்கு, ஷெரிஃப்."

"விசாரணை நேரம், ரோந்து நேரம், நான் யோசிச்ச நேரம், எல்லாம் சேரு."

"நாய்க்குப் பதினாலு போடு," என்றார் கெக்.

"நாய்க்கா?"

"நாயைப் பிடிச்சிருந்தவருக்கும்மா. நாய்க்கு யாரு சம்பளம் குடுக்கறா?"

கடைசியில் ஷெரிஃபுக்கு ஐம்பது, ப்ரூவருக்கு முப்பது, மத்திய அரசுக்கு இருபது என்று முடிந்தது. பதின்மூன்றாயிரத்துச் சொச்சம், எட்டாயிரத்துச் சொச்சம், ஐயாயிரத்துச் சொச்சம். கல்யாண வீட்டில் மிஞ்சிய பலகாரத்தைப் பொட்டலம் கட்டுகிற மாதிரி அவ்வளவு சந்தோஷமாகக் கட்டினார்கள். படிவத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: பங்குத் தொகையை எதற்குப் பயன்படுத்துவீர்கள்?

"ரோந்துப் படகு," என்றார் ரிட்னர்.

ஹார்ட்வெல் கவுண்டியில் இருப்பது ஒரே ஒரு ஏரி. சத்தமாகக் கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

"அந்த மனுஷன் பணத்தைக் கேட்டு வந்தா?" என்று க்ளெண்டா கேட்டாள். அவள் இதுவரை அந்த மாதிரிக் கூட்டத்தில் கேள்வி கேட்டதே இல்லை.

"வர மாட்டாங்க. இந்த மாதிரி ஆளுங்க வர்றதே இல்ல," என்றார் ரிட்னர், மிகச் சாதாரணமாக, நாளைக்கு மழை வராது என்று சொல்வதைப் போல.

அந்தச் சாதாரணம் வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தது. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

ஏப்ரல் கடைசியில் மத்திய அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பணத்துக்குச் சொந்தக்காரருக்கு அனுப்பிய அறிவிப்புக் கடிதம் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது, சரியான முகவரி இருந்தால் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். மே இருபத்து மூன்றுக்குள் அவர் உரிமை கோராவிட்டால் பணம் பறிமுதலாகிவிடும். அவள் கோப்பைத் திறந்தாள். ஓட்டுநர் உரிமத்தின் நகலில் வீட்டு எண் 1184. அறிக்கையில் 1148. அறிக்கையை அடித்தது யார்? அவளேதான். வேட் சரியாகத்தான் எழுதியிருந்தார். அவள் விரல்தான் தவறியிருந்தது.

மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு நேராக ரிட்னரின் அறைக்குப் போனாள்.

"நான் தப்பா அடிச்சிட்டேன், ஷெரிஃப். சரியான நம்பர் இருக்கு. இப்பவே பதில் போட்டுடறேன்."

அவர் படித்துவிட்டுக் காகிதத்தை மேஜை ஓரமாக வைத்தார். "அவசரம் ஒண்ணுமில்ல. மே மாசத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

"மே மாசத்துக்கு அப்புறம் பதில் போட்டு என்ன பிரயோஜனம்?"

"அதேதான் நானும் சொல்றேன்," என்று அவர் சிரித்தார்.

இருபத்தோரு வருஷத்தில் அவள் பார்க்காத அயோக்கியத்தனம் இல்லை. பெண்டாட்டியை அடித்தவனைப் பார்த்திருக்கிறாள், கிழவியின் ஓய்வூதியத்தைத் திருடிய பேரனைப் பார்த்திருக்கிறாள். அவர்களெல்லாம் பிடிபட்டபோது தலையையாவது குனிந்தார்கள். இவர் சிரித்தார். அதுவும் அவள் கையால் நேர்ந்த பிழையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவள் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். மத்திய அலுவலகத்துக்குச் சரியான முகவரியைத் தட்டச்சு செய்து அனுப்பினாள். பிறகு மதிய இடைவேளையில் தன் சொந்தக் காரில் உட்கார்ந்து, தன் சொந்தத் தொலைபேசியில், கோப்பில் இருந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

எடுத்தது மூவாவின் மகள் மாய் சீ. நர்ஸிங் படிக்கிற பெண்.

"ஹார்ட்வெல் ஷெரிஃப் ஆபீஸா? இன்னும் என்ன எடுக்கணும் உங்களுக்கு? கோழி இருக்கு, வந்து புடிச்சிட்டுப் போங்க."

"திட்டும்மா, திட்டு. ஆனா வச்சிடாதே. ஒரு தேதி சொல்றேன், எழுதிக்கோ."

தொலைபேசி கை மாறியது. பிறகு ஓர் ஆண் குரல், நிதானமாக: "நீங்க போலீஸாம்மா?"

"இல்லீங்க. டைப் அடிக்கிறவ. உங்க வீட்டு நம்பரைத் தப்பா அடிச்சது நான்தான். அதனாலதான் உங்களுக்கு லெட்டர் வரல."

"லெட்டரா? பணம் அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சுன்னு ரோட்டுல சொன்னாங்களே. ஒரு காகிதத்துல கையெழுத்து போடச் சொன்னாங்க. நான் போடல."

"போடாம இருந்தீங்களே, அதுவே பெரிசு."

அவர் மெல்லச் சொன்னார். எங்கள் வழக்கத்தில் சாவுச் சடங்கு மூன்று நாள் நடக்கும், மாடு வெட்ட வேண்டும், வாத்தியம் ஊதுகிறவரை வெளியூரிலிருந்து அழைத்துவர வேண்டும், வந்த கூட்டத்துக்கு மூன்று நாளும் சோறு போட வேண்டும். பத்தொன்பது வீடுகளுக்குப் போய் வாங்கி வந்த பணம் அது. பணம் போன பிறகு மாமாவின் உடலைப் பதினோரு நாள் காக்க வைத்தோம். பண்ணைக்குத் தீவனம் தருகிற கம்பெனியில் கடன் வாங்கித்தான் அடக்கம் செய்தேன்.

"கடன்கூடப் பரவாயில்லைம்மா. என் சித்தப்பா பையன் சொல்றான், சும்மா போறவன்கிட்ட போலீஸ் எதுக்குப் பணத்தைப் புடுங்கறான், இவன் சூதாடித் தோத்துட்டு வந்து கதை விடறான்னு. சடங்குல என் கையால யாரும் தட்டு வாங்கல."

க்ளெண்டா தேதியைத் திரும்பவும் சொன்னாள். எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும், எப்படிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், உறை கொடுத்த பத்தொன்பது வீட்டிலும் கையெழுத்து வாங்கிச் சேர்க்க வேண்டும் என்பதையும் சொன்னாள். கடைசியில், "ஒரு வக்கீலைப் பிடிங்க. தனியாப் போகாதீங்க" என்றாள்.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி உரிமைக் கோரிக்கை போய்ச் சேர்ந்தது. இருபத்தொன்றாம் தேதி ரிட்னர் அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ யாரு பக்கம் க்ளெண்டா?"

"தப்பா அடிச்சதைச் சரி பண்ணினேன். அதுக்குப் பக்கம் வேணுமா?"

"நம்ம பசங்களுக்கு வரவேண்டிய பணம் அது."

"நம்ம பசங்களுக்கா? ரெண்டே கால் மணி நேர வேலைக்குப் பதின்மூவாயிரம் டாலரா? ஷெரிஃப், எனக்கு அப்படி ஒரு சம்பளம் குடுத்திருந்தீங்கன்னா நான் இந்நேரம் இந்தக் கட்டடத்தையே விலைக்கு வாங்கியிருப்பேன்."

"உன் வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன்."

"என் வயசை விடுங்க. செத்தவருக்கு மரியாதை குடுத்தீங்களா?"

அன்று மாலைக்குள் ஒரு அட்டைப் பெட்டியில் அவள் செருப்பும் கோப்பையும் பேரப்பிள்ளைகளின் படமும் வாசலுக்கு வந்துவிட்டன. நம்பிக்கை இழப்பு என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்திலும் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அவள் அங்கேயே நின்று பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ராய்ஸ் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். கேலி செய்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர், "ஹெல்த் இன்ஷூரன்ஸை என் வேலையில சேத்துக்கலாம், கவலைப்படாதே" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வழக்கை ஒரு சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையம் எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து அரசுத் தரப்பிலிருந்து ஒரு சமரசம் வந்தது: பாதியை வாங்கிக்கொள், வழக்குத் தொடர மாட்டேன் என்று எழுதிக்கொடு. வக்கீலே, இந்த மாதிரி வழக்கில் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள் என்றார். மூவா க்ளெண்டாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாதி வாங்கினா, பாதித் தப்பு பண்ணினேன்னு ஆகிடாதா?"

"ஆகிடும். ஆனா கடன் உங்க தலைமேல இருக்கு. நான் வேண்டாம்னு சொல்ல முடியாதுங்க."

"நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்லிட்டேன்."

க்ளெண்டா சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுத்தாள். உறைகளைப் பற்றி, முப்பத்தெட்டு மணி நேரத்தைப் பற்றி, மே மாசத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம் என்றதைப் பற்றி. கூட்டத்தில் நடந்த பேச்சை அப்படியே சொன்னாள், சிரிப்புகளையும் விடாமல். வாக்குமூலம் போய்ச் சேர்ந்த ஐந்தாவது வாரம் அரசு வழக்கைக் கைவிட்டது. பணம் பிடுங்கிப் பதினான்கு மாதம் கழித்து முழுத் தொகையும் காசோலையாக வந்தது. வட்டி இல்லை. மன்னிப்பு இல்லை. காசோலையோடு ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. ரிட்னர் அடுத்த தேர்தலில் முன்னைவிட அதிக வாக்குகளோடு ஜெயித்தார். கடத்தல்காரர்களுக்கு இங்கே இடமில்லை என்பது அவருடைய பிரசாரப் பலகை.

மாய் சீ அவளைப் பண்ணைக்கு அழைத்தாள். "வீடு வீடா அப்பா பணத்தைத் திருப்பிக் குடுக்கறாரு. பெரியவங்க எல்லாரும் வர்றாங்க. போலீஸ் ஆபீஸ்ல வேலை பார்த்தவங்க ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும் ஆன்ட்டி."

க்ளெண்டா போனாள். ஒட்டும் சோறும் வேகவைத்த கோழியும் கண்ணில் நீர் வரவழைக்கும் மிளகாய்த் துவையலும் வைத்தார்கள். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள், மாய் சீ மொழிபெயர்த்தாள். சித்தப்பா மகன் தன் பணத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டு ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாரு?"

மாய் சீக்கு முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு நாள் வச்சிருந்தாங்கன்னா ஏதோ இல்லாமலா இருக்கும்னு கேக்கறாரு."

க்ளெண்டாவுக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்திருப்பாள். ஆனால் அந்தச் சந்தேகத்தை அவர் மனதில் போட்டது யார்? பணத்தைத் திருப்பித் தரலாம். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஊர் பார்க்க ஒருவரின் பையைக் கவிழ்த்துவிட்டு, ஆள்மேல் குற்றமில்லை பணத்தின்மேல்தான் என்று சொன்னார்களே, அதை எந்தக் காசோலை திருப்பித் தரும்? மூவா எழுந்தார். சித்தப்பா மகனின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். இந்த முறை அவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவாவது நடந்தது.

க்ளெண்டா இப்போது கால்நடை ஏலக் கூடத்தில் எடைச் சீட்டு எழுதுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய், தான் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலுக்கு வெளியே நின்று, பிடிபட்ட சொத்துகளின் பட்டியலைப் பொது ஆவணமாகக் கேட்டு வாங்குகிறாள். பக்கத்துக்குப் பத்து சென்ட். பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவருக்கும் எந்தத் தேதிக்குள் எங்கே எழுத வேண்டும் என்று கடிதம் போடுகிறாள். இதுவரை முப்பத்தோரு கடிதம். ஒன்பது பேர் பதில் எழுதினார்கள், நான்கு பேருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. ஒருவன் நிஜமாகவே கடத்தல்காரன். அவனும் நன்றி சொல்லி எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை மட்டும் அவள் கிழித்துப் போட்டாள்.